வெள்ளிக்கிழமைக்கு ஆள் தேவை

குளிரூட்டி வேலையில் முதலில் வேர்ப்பது மெஷின் இல்லை, அந்த வேலையைப் பழக இடம் தேடித் திரிகிற ஆள்தான். தட்டுத் தடுமாறிப் பாஸான என் இனத்தவர்களே, இது உங்களுக்காக. கெட்டிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், அவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்காது.

கம்ப்யூட்டர் வகுப்புக்குப் புள்ளி போதாமல், மிஞ்சிக் கிடந்த ஏசி, ஃபிரிஜ் திருத்துகிற வகுப்பில் புத்தளத்தில் சேர்ந்தவள் நான். அங்கும் என் பெறுபேறு வெளியே காட்டும்படியாக இல்லை. படிப்பு முடிந்தபின் ஆறு மாதம் எங்காவது பயிற்சி எடுத்தால்தான் சான்றிதழ். வாப்பா வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார், "ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இடம் கிடைச்சாச் சரி. இல்லாட்டி வீட்டில இரு, மாப்பிள பார்ப்பம்." மாப்பிள்ளை வேண்டாம் என்றில்லை. கையில் சான்றிதழ் இல்லாமல் போய் இன்னொருத்தர் வீட்டு ஃபிரிஜ்ஜைத் துடைத்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

கரண்ட் போன பரீட்சை

கற்பிட்டிப் பக்கம், வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற ஒரு ஹோட்டலுக்கு முதலில் போனேன். மெனேஜர் என் பெறுபேற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். கண்ணாடியில் பிழை இல்லை.

"முக்கியமான பாடத்தில ஏன் மகள் இவ்வளவு குறைவு?" என்றார். உண்மையைச் சொன்னால் சந்தி சிரிக்கும். "அண்டைக்குக் கரண்ட் போயிட்டுது சேர். ஃபேன் ஓடல்ல, வேர்வையில ஒண்டும் ஞாபகம் வரல்ல" என்று ஒரு போடு போட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. பேப்பரை மடித்து என் கையிலேயே தந்து சொன்னார்:

"எங்கட ஹோட்டல்லயும் அடிக்கடி கரண்ட் போகும் மகள்."

சேரின் சிபாரிசு

எங்கள் விரிவுரையாளர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். தனக்குத் தெரிந்த கம்பெனிக்காரர் ஒருவருக்கு என் முன்னாலேயே போன் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்ல பிள்ளை. அடக்கமான பிள்ளை. நேரத்துக்கு வரும். பெரியாக்களுக்கு மரியாதை. கையெழுத்து முத்துப் போல இருக்கும்." சேர் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். புள்ளியைப் பற்றி மட்டும் மனுஷன் வாயே திறக்கவில்லை. மறுபக்கத்து ஆள் மிகவும் தயக்கமாகக் கேட்டார்:

"சேர், எங்கட மகனுக்குத்தான் போன மாசம் கலியாணம் முடிஞ்சிட்டுதே?"

மாமா கடை டீ

டவுனில் ஃபிரிஜ் திருத்துகிற கடை வைத்திருப்பவர் உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மாமா என்றுதான் கூப்பிடுவோம். போன உடனே கதிரை போட்டார், டீ வந்தது, பிஸ்கட் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். கரைத்தீவில் இருக்கிற பெரியம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் விசாரித்து முடித்தார். பயிற்சிக் கதையை எடுத்தால் மட்டும் "இன்ஷா அல்லாஹ் பார்ப்பம், டீயக் குடிங்க மகள்." அடுத்த கிழமையும் அதே டீ, அதே முழங்கால். இதோ கிடைக்கப் போகிறது என்று நம்பி நம்பியே மாதம் பாதி போய்விட்டது.

கடைசியில் பொறுக்க முடியாமல் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய் மாமியைப் பிடித்தேன். மாமா ஓம் என்கிறாரா இல்லை என்கிறாரா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாமி தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"ஓம் எண்டு சொல்றதா இருந்தா, டீ ஊத்த முந்தியே சொல்லியிருப்பார் மகள்."

ஹாஜியாரின் ஒரே கேள்வி

பெருநாள் நெருங்க நெருங்க வீட்டுக்கு ஒரு கலியாணத் தரகர் வந்து போகத் தொடங்கினார். பள்ளிவாசல்துறையில் மீன் வள்ளங்களுக்கு ஐஸ் போடுகிற பெக்டரிக்கு வாப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். முதலாளி ஹாஜியார் பெறுபேற்றைக் கையில்கூட வாங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "மகள், ஜும்ஆக்குப் போவீங்களா?"

பக்தியைச் சோதிக்கிறார் போல என்று நடுங்கிப்போனேன். "பொம்புளைகளுக்கு அது கடமையில்லையே ஹாஜியார்" என்று மெதுவாக இழுத்தேன். மனுஷனின் முகம் பூவாய் மலர்ந்தது. விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு வள்ளங்கள் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குப் போகும், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும். ஆனால் தொழுகை நேரம் மெஷினைப் பார்க்க ஆள் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த சிங்கள அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டார். வாப்பா கவலையோடு, "புள்ளிதான் கொஞ்சம் குறைவு ஹாஜியார்" என்றார். அதற்கு ஹாஜியார்:

"புள்ளி கூடின பொடியனும் பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளிக்குப் போயிடுவானே!"

முதல் வெள்ளி

"மெஷின் நிண்டா நாளைக்கு நீங்க வரத் தேவல்ல" என்று ஹாஜியார் சொல்லிவிட்டுப் போக, மற்ற எல்லோரும் பின்னால் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கவும் பிரஷர் முள் சிவப்புக் கோட்டுப் பக்கம் ஏறத் தொடங்கவும் சரியாக இருந்தது. அல்லாஹ்வே! படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை, இந்த முறை கரண்டும் இருந்தது. தரகரின் முகம்தான் ஞாபகம் வந்தது. முள் ஏறினால் மெஷினுக்குச் சூடு ஏறுகிறது, அதை ஆற்றுகிற தண்ணீர் எங்கே என்று வெளியே ஓடினேன். பார்த்தால், மெஷினுக்குத் தண்ணீர் போகிற டாங்கி கிட்டத்தட்டக் காலி. பள்ளியில் நெரிசல் என்று பெக்டரி ஆட்கள் எல்லோரும் இந்த டாங்கிப் பைப்பில்தான் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசி ஆள் பாங்கு சொன்ன அவசரத்தில் பைப்பைப் பூட்டவும் இல்லை. பூட்டினேன், கிணற்று மோட்டரைப் போட்டேன், ஓடி வந்து முள்ளின் முன்னால் நின்று தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன். முள் மெல்ல இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தொழுகை முடிந்து வந்தவர்களைப் பிடித்துக் கத்தினேன், "யார் கடைசியா வுழு எடுத்தது? அவருக்கு வேலை வேணுமா, வேணாமா?" ஹாஜியார் என்னை மெதுவாக ஒரு பக்கம் கூப்பிட்டார்:

"கொஞ்சம் மெல்லக் கதைங்க மகள், அது நான்தான், பயிற்சி அறிக்கையில உங்களுக்கு என்ன எழுதோணும் எண்டு சொல்லுங்க."

வகுப்பில் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத 'அதிதிறமை' என்ற மிக உயர்ந்த தரம் இன்று என் சான்றிதழில் இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் விடாமுயற்சிதான் காரணம் என்று நான் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.