கொக்கிப்புழுவும் கோவிந்தன் வீட்டுப் புளியும்

போன வாரம் ஜவ்வாது மலை ஏற்றத்தில் என் கிழட்டு ஸ்கூட்டரை ஒரு பெண் ஓடியே முந்திவிட்டாள். திரும்பிப் பார்த்து, "இன்னா சார், வண்டிக்கு ரத்தசோகையா?" என்று கிண்டல் வேறு!

அவள் செல்வி. வருடா வருடம் எனக்குப் புளி தரும் கோவிந்தனின் மகள். போலீஸ் வேலைக்கு முயற்சி செய்பவள்.

கிண்டலடிக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. போன மழைக்காலத்தில் இதே பெண் கொஞ்ச தூரம் ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். முகம் வெளுத்து, எந்நேரமும் அசதி. எழுத்துத் தேர்வில் பாஸ்... ஓட்டத்தில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு! கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்தார்கள். ம்ஹூம்.

கடைசியில் ஆஸ்பத்திரி. அன்று மலைக்குப் போயிருந்த நானும் கூடப் போனேன். ரத்தமும் மலமும் சோதித்த டாக்டரம்மா, "வயித்துல கொக்கிப்புழு. செருப்பு போடறதில்லையா?" என்றார்.

"நல்ல ஷூவே வாங்கிக் குடுத்துருக்கேம்மா" - கோவிந்தனுக்கு ரோஷம்.

"கொல்லையில, பயிர் நெலத்துல எறங்கறப்ப?"

"அதெப்டிம்மா? சாமை வெளையுற மண்ணு. வரப்புலயே கழட்டி வுட்டுட்டுதான் எறங்குவோம்."

"காலையில எங்க ஒதுங்குவீங்க?"

"அதே கொல்லை ஓரந்தான்..."

"வூட்ல கக்கூஸ் இல்லையா?"

"கீதும்மா. அதுல புளி வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒதுங்கிய இடத்தில் மலத்தோடு விழுந்த புழு முட்டை பொரிந்து, ஈர மண்ணில் காத்திருக்கும் பொடிப் புழு வெறுங்காலைத் துளைத்து உள்ளே போகுமாம். விரலிடுக்கில் அரித்தால் 'சேறு கடிச்சிடுச்சு' என்று நாம் விட்டுவிடுகிறோம். அது ரத்தத்தோடு நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு குடலுக்கு இறங்கி, அங்கே ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். டிக்கெட் வாங்காமல் எத்தனை பஸ் மாறுகிறது பாருங்கள்!

செல்வி அப்பாவைப் பார்த்தாள். "செருப்பு போட்டா மண்ணுக்கு மரியாத கொறைஞ்சிடும். காலையில போய்க் குந்துறமே... அது இன்னா மரியாதப்பா?"

மறுநாளே கக்கூஸிலிருந்த புளி மூட்டைகள் வீட்டுக்குள் வந்துவிட்டன; கக்கூஸ் புழக்கத்துக்கு வந்தது. செல்விக்குப் புழு மாத்திரை, சத்து மாத்திரை, முருங்கைக்கீரை. கொல்லைக்கு எல்லோருக்கும் ரப்பர் செருப்பு.

"மண்ணைத் தொட்டுக் கும்புட்டுட்டுதான் செருப்போட எறங்கறோம் சார்" என்றார் கோவிந்தன். சாமிக்கும் சம்மதம், டாக்டருக்கும் சம்மதம்!

செல்வி ஓட்டத்திலும் தேறிவிட்டாள். ட்ரெய்னிங் போகும்வரை பழக்கம் விடக்கூடாதென்றுதான் இந்த மலையோட்டம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுப் புளியோடு வீடு திரும்பினேன். போன வருடப் புளி எந்த அறையில் இருந்தது என்று மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.