முதலாளி குரலில் யாரும் பேசலாம்

அலுவலக லேப்டாப்பைக் காவல் காக்கும் பிழைப்பு வாய்த்தவர்களே, நமக்குத் திருடனால் வரும் தொல்லை குறைவு. முதலாளியால் வருவதுதான் அதிகம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் அந்தக் காவலாளி. எங்கள் விலைப்பட்டியல் முழுவதும் அந்த ஒரே லேப்டாப்பில் இருந்தது. அது வெளியே போனால் போட்டிக் கம்பெனி கொஞ்சம் குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

மேஜைக்கால்

லேப்டாப்பைக் கம்பிக் கயிற்றால் மேஜைக்காலோடு பிணைத்துப் பூட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விற்பனைப் பிரிவு ஆன்டோ சேட்டன் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு கையால் மேஜையைத் தூக்கி, மறு கையால் கயிற்றைக் காலுக்கு அடியில் உருவி எடுத்தார்.

"பூட்டு கொள்ளாம் மோளே, நல்ல பூட்டு. இனி மேஜையையும் பூட்டணும், கேட்டோ!"

மூத்த மகள்

மறுநாளே கயிற்றை ஜன்னல் கம்பிக்கு மாற்றினேன். அடுத்த தலைவலி பாஸ்வேர்ட். முதலாளி சுப்பையா மூன்று தலைமுறையாகக் கொச்சியில் வியாபாரம் செய்யும் தமிழர். போன் என்றால் கத்த வேண்டும் அவருக்கு. கோடவுனிலிருந்து அழைத்து, "செல்வி, பாஸ்வேர்ட் என் மூத்த மக பேருதானே?" என்று முழங்கினார். அன்றே மாற்றிவிட்டேன். சாயங்காலம் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வாசலில் நின்று அக்கறையாக விசாரித்தார்.

"சேச்சி, இனி ரண்டாமத்தெ மோளுடெ பேராணோ?"

ஓணத்து மிமிக்ரி

அந்த ஓணத்துக்கு ஆன்டோ சேட்டன் முதலாளியைப் போலவே பேசிக் காட்டினார். அதே இருமல், அதே "என்ன கதை இது?" கண்ணை மூடினால் வித்தியாசமே தெரியாது. நான் சிரிக்காமல் மேஜையிலிருந்த போனைப் பார்த்தேன். முதலாளியோ கண்ணீர் வரச் சிரித்தார்.

"பாவி, என்னைவிட நல்லா என் குரல்ல பேசுறான்!"

இடப்பள்ளியிலிருந்து

அடுத்த மாதமே ஆன்டோ சேட்டன் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். போனில் யார் கேட்டாலும் லேப்டாப்பும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது என்று நான் சட்டம் போட்டேன். முதலில் மாட்டியவர் முதலாளிதான். நகரத்தின் மறுகோடி இடப்பள்ளியில் ஒரு பெரிய வியாபாரியை எதிரில் வைத்துக்கொண்டு போன் செய்து, ஆள் அனுப்புகிறேன், இரண்டையும் கொடுத்துவிடு என்றார். நேரில் வாருங்கள் என்றேன். அவ்வளவு நெரிசலையும் தாண்டி வந்து சேர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அங்கே வியாபாரி காத்திருக்காமல் கிளம்பிப் போயிருந்தார்.

"நாளைலேருந்து நீ வரண்டாம்!"

இருமல்

மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். செய்யாத தப்புக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? வழக்கமாக அந்த நேரம் கோடவுனில் இருக்கும் முதலாளி, என்னை வெளியே அனுப்பவென்றே எதிரில் உட்கார்ந்திருந்தார். "சாவியைக் குடு" என்றார். "வேலையை விட்டு நிறுத்துங்க முதலாளி. ஆனா நான் செஞ்சது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன். அப்போது போன் அடித்தது. எடுத்தேன். ஒரு இருமல். "என்ன கதை இது? ஆள் வர்றான், லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் குடுத்துவிடு!"

"உங்களுக்குத்தான்" என்று ரிசீவரை முதலாளியிடம் நீட்டினேன். அவர் கேட்டார். அந்தக் குரல் அவரையே திட்டிக்கொண்டிருந்தது. ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக மெல்லப் பேசினார்.

"செல்வி, இது நானேதான்! குடுத்துடாதே!"

என் வேலை போகவில்லை. அன்றிலிருந்து போனில் தான் முதலாளிதான் என்று நிரூபிக்கும் வேலைதான் அவருக்குப் புதிதாகச் சேர்ந்தது.