செவந்திக்கு யார் பெயர்?

நயினார்கோவில் வட்டாரத்தில் செவந்தி பூத்தது என்றால் அது குருநாதனால்தான். மிளகாயும் பருத்தியும் தவிர வேறு எதுவும் வராது என்று எல்லோரும் கையை விரித்த மண் அது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், தானே போர் போட்டு, நல்ல தண்ணீர் கண்டு, நிலக்கோட்டையிலிருந்து கன்று வாங்கி வந்து, தோட்டம் முழுக்க மஞ்சளாகப் பூக்க வைத்தார். யாரும் கைதூக்கி விடவில்லை. பரமக்குடிப் பூ மார்க்கெட்டில் அவர் கூடை இறங்கினால் மற்ற கூடைகள் ஒதுங்கி வழிவிடும்.

ஒரே குறை, தன் பெயரைச் சொல்ல ஒரு புதுச் செவந்தி இல்லை. வெள்ளைப் பூவின் மகரந்தத்தைக் கோழி இறகால் எடுத்து மஞ்சளில் தடவி, விதை பிடித்து, முளைக்கப் போட்டுப் பார்த்தார். வந்ததெல்லாம் சோகை பிடித்த பூக்கள். "அடுத்த வருசம் பாரு" என்று மனைவி சண்முகவள்ளியிடம் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடின.

ஒரு மார்கழிக் காலையில் பூ மண்டிக்காரர் சதக் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். சூளையில் வெந்த செங்கல் நிறத்தில் ஒரு செவந்தி. கையோடு போனும் வந்தது.

"மாமா, பார்த்தியளா? ஒங்க கொழுந்தியா முருகலட்சுமி கொண்டாந்துச்சு. மஞ்சச் செடியில ஒரு கொப்பு மட்டும் இப்பிடி மாறிப் பூத்துருக்காம். மார்க்கெட்டே முருகலட்சுமிப் பூவுன்னு பேசுது."

குருநாதன் காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அவர் கொடுத்த கன்றில் தோட்டம் போட்டவள் அவள்!

"என் தங்கச்சிக்குத்தான வந்துருக்கு? சந்தோசப்படுங்களேன்" என்றாள் சண்முகவள்ளி.

"சந்தோசமா? நான் தடவித் தடவிப் பார்த்து வராதது அவளுக்குச் சும்மா வந்துருச்சாம்ல!"

அன்றைக்கே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் தோட்டத்தில் போய் நின்றார். முருகலட்சுமி எதையும் ஒளிக்கவில்லை.

"வேணும்கிறதை எடுத்துக்கங்க மச்சான். ஆனா ஒண்ணு..."

"ஏய், செவந்தியப் பத்தி எனக்கா சொல்லித்தார? ஒனக்குக் கன்னு குடுத்தவனே நான்தேன்."

அவள் மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். செடியின் அடியில் வெடித்து வரும் பக்கக்கன்றை எடுத்து நடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அவரும் அந்தச் செடியின் வேரோடு ஒட்டிய கன்றுகளையெல்லாம் தோண்டிக்கொண்டு வந்தார்.

கோடை முழுக்க நிழல்வலை கட்டி அவற்றைப் பெருக்கினார். ஆடியில் அரை ஏக்கர் நட்டார். "இனிமே கூடை கூடையா வரும். குருநாதன் செவந்தின்னு போர்டு எழுதி வையிலே" என்று சதக்கிடம் சொல்லிவைத்தார். போகவர வேலிக்கு மேலே எட்டி முருகலட்சுமியின் பாத்தியைப் பார்ப்பதும் வாடிக்கையானது. அவள் செடி கொஞ்சம் தளதளவென்று இருந்துவிட்டால் அன்றைக்குச் சோறு செல்லாது.

கார்த்திகையில் மொட்டு விரிந்தது. மஞ்சள். அரை ஏக்கரும் அதே பழைய மஞ்சள். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தி முழுக்கச் செங்கல் சிவப்பு.

"ஏமாத்திப்புட்டியேடி!" என்று வேலியருகே போய்க் கத்தினார்.

"யாரு ஏமாத்துனா? நிறம் மாறுனது கொப்புல. நீங்க வேரைத் தோண்டுனிய. மேல நடந்தது வேருக்குத் தெரியுமாக்கும்? நான் அந்தக் கொப்பை ஒடிச்சு மணல்ல ஊண்டி வேர் பிடிக்க வச்சேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டியளா? பெரிய வாத்தியாரு மாதிரியில்ல வெரட்டுனிய!"

சிரித்துக்கொண்டே நாலைந்து கொப்புகளை ஒடித்து, ஈரச்சாக்கில் சுற்றி வேலிக்கு மேலே நீட்டினாள். "கொண்டுபோய் வையிங்க. ஆனா பேரு மார்க்கெட்டு வச்சது. என்னால மாத்த ஏலாது."

வாங்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாங்காவிட்டால் அந்தச் சிவப்பு அவள் பாத்தியில் மட்டும் பூக்கும். அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது. வாங்கிக்கொண்டார்.

மறு கார்த்திகையில் பரமக்குடியில் அவர் கூடை இறங்கியது. ஒவ்வொரு பூவும் அவளுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது, பொய்யில்லை. சதக் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்துவிட்டு, வியாபாரிகள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"முருகலட்சுமி வந்துருக்கு! ஓடியாங்க, முருகலட்சுமி!"

கூட்டம் கூடியது. குருநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏலே சதக்கு, பெரிய முருகலட்சுமின்னு சொல்லுலே."