கலசத்தில் போட்ட கொடிக்காசு

ஜவேரி பஜாரில் ஒரு வெள்ளிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றைப் பார்த்த நிமிஷமே எனக்கு யோசனை வந்துவிட்டது. சுதந்திரம் வந்த வாரம் அது. கொடியும் சக்கரமும் அச்சடித்த வட்டமான வெள்ளிக் காசுகள், ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. சர்க்கார் அடித்தவை அல்ல. கடைக்காரரே ஞாபகார்த்தமாக அடித்து விற்றவை. நாளைக்கு இதற்கு அடிதடி நடக்கும், இன்றைக்கே வாங்கி வைப்பவன்தான் புத்திசாலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயது இருபது. பி.ஏ. முடித்துக் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை. எனக்கு நானே சொல்லிக்கொள்வதையெல்லாம் உடனே நம்பிவிடுகிற காலம். இந்த இரண்டு வருஷத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

கையில்தான் காசில்லை. மாதுங்காவில் அண்ணா வீட்டில் இருந்தேன். கல்யாணத்தின்போது மன்னிக்கு அவள் அப்பா பட்டுத்துணியில் முடிந்து கொடுத்த ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் பத்து, பெட்டியில் இருந்தது. அதுவும் ஒவ்வொன்றும் ஒரு தோலாதான்.

"ராஜாவே கிளம்பியாச்சு மன்னி, அவர் மூஞ்சியை இன்னும் ஏன் பெட்டியிலே வெச்சுண்டிருக்கேள்?" என்று மூன்று நாள் பேசிப் பேசியே கரைத்தேன்.

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டா அம்பி. பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

கடையில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொடுத்தார்கள். கூலி என்று மேலே கொஞ்சம் சில்லறை.

அடுத்து வரலக்ஷ்மி விரதம் வந்தது. கலசத்துக்குள் அரிசி, எலுமிச்சம்பழம், காசு எல்லாம் போடுவது வழக்கமாயிற்றே. மன்னி புதுக்காசு பத்தையும் பெருமையாகப் போட்டாள். எங்கள் கலசம் செம்பு. மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். விடிவதற்குள் மன்னி விலகி உட்காரும்படி ஆகிவிட்டது. அண்ணா டூரில். எனக்கோ பூஜை அலமாரியில் விபூதியைத் தவிர எதையும் தொட்டுப் பழக்கமில்லை. நாலாம் நாள் மன்னி குளித்துவிட்டு வந்து கலசத்தைக் கவிழ்த்தபோது, காசுகளின் விளிம்பெல்லாம் பாசி படர்ந்தாற்போல் பச்சை.

பக்கத்து வீட்டுச் சேஷு மாமா பாங்கில் இருப்பவர். ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியருகே பிடித்தார்.

"எந்த பாங்கும் இதை வாங்காது. இது நாணயமே இல்லை. உள்ளே செம்பு, மேலே முலாம். உன்னை நன்னா ஏமாத்திப்பிட்டான்டா, கிராஜுவேட்டே."

மன்னி சந்தனக் கல்லைத் துடைத்தாள். துடைத்த கல்லையே திரும்பவும் துடைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அன்று ஆபீசுக்கு மட்டம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் வரை நடந்து, தாராவிக்குள் விசாரித்துக்கொண்டே போய், வெள்ளித் தாயத்து செய்கிற காதர் பாயைக் கண்டுபிடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டறையில் கரிப்புகையோடு பக்கத்துத் தோல் கிடங்கின் வாடையும் கலந்து அடித்தது. இப்போதும் மழையில் செருப்பு நனைந்து அந்த வாடை வந்தால் எனக்கு அந்தப் பட்டறை ஞாபகம்தான். அவர் விளிம்பை அரத்தால் சுரண்டினார், உரைகல்லில் தேய்த்தார், அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டார்.

"எதுல போட்டு வச்சிருந்திய தம்பி?"

"செம்புக் கலசத்துல. எலுமிச்சம்பழத்தோட."

"எத்தன நாளு?"

"நாலு நாள்."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "புளிப்புல நாலு நாளு ஊறுனா செம்பு பச்சையக் கக்காம என்ன செய்யும்? இது ஒங்க கலசத்துப் பச்ச. காசு நல்ல வெள்ளி, பாத்துக்கிடுங்க."

உயிர் வந்தது. வந்ததும் பழைய புத்தியும் வந்தது. "பின்னால நல்ல விலைக்குப் போகுமா பாய்?"

"வெள்ளிக்கு என்ன வெலையோ அதான். கொடிக்குன்னு தனியா எவன் தருவான்?"

என் பெரிய யோசனை அந்த ஒரு வரியில் முடிந்துபோயிற்று. ஆனாலும் வீடுவரை ஏறக்குறைய ஓடித்தான் வந்தேன். "வெள்ளிதானே? போறும்டா" என்று மன்னி காபி கலக்கப் போனாள். சேஷு மாமா மட்டும் இன்றுவரை திராவகத்தை நம்பவில்லை.

இப்போது அந்தக் கடையில் கொடிக்காசு இல்லை, கேட்பாரும் இல்லை. ஆட்கள் தேடுவதெல்லாம் பழைய ராஜா ரூபாயை. அது கண்ணில் படுவதே அரிது. அநேகமாக உருக்கி முடித்துவிட்டார்கள்.

போன வாரம் மன்னி, "அப்பா கொடுத்ததிலே ஒண்ணையாவது வெச்சுண்டிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜவேரி பஜார் போகிறேன். கொடிக்காசைக் கொடுத்து ஒரு ராஜா ரூபாய் கிடைக்குமா என்று கடை கடையாய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். நேற்று மன்னியிடம் இரண்டு காசு கேட்டேன். எதற்கென்று அவள் கேட்கவே இல்லை, எடுத்துக் கொடுத்தாள்.