அண்ணனுக்கு வந்த கால்குலேட்டர்

எங்கள் வீட்டில் தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா எங்கள் ஊர் ரெம்பியாவில் வந்து இறங்கினால், அப்பாவே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எனக்கு மட்டும் அவர்மேல் அந்த மரியாதை கொஞ்சம் குறைவாக வாய்த்திருந்தது.

நான் பதினான்கு வயதில் இரண்டாம் படிவம் படித்தபோது, மாமா கிராஃப் போடும் கால்குலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல கனம், உடம்பெல்லாம் பொத்தான். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்திருந்த அண்ணனுக்காக வந்தது அது. கூடுதல் கணிதத்தில் அவன் கூடுதலாக வாங்கியது திட்டு ஒன்றுதான். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிறவள் நான். தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குலா இதெல்லாம்?" என்று மாமா அதை உயரே தூக்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பாடநூலைப் பார்த்து, எக்ஸ் வர்க்கம் கூட்டல் இருபது என்று தட்டினான். திரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் வந்தன. கிராஃபைக் காணோம். "இது ரோசாக், கெட்டுப்போச்சு மாமா. வேற வாங்கிட்டு வாங்க" என்று சோபாவில் எறிந்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்த பழி மாமா தலையில் விழுந்தது.

நான் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கையேடு இல்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்ததில், திரை எந்த எண் வரை காட்டும் என்று ஒரு பொத்தான் சொன்னது. உயரம் பத்தோடு நின்றிருந்தது. இருபதிலிருந்து கிளம்புகிற கிராஃப் பத்துக்குள் எப்படித் தெரியும்? கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைக் கட்டிலுக்கடியில் தேடுகிற கதைதான். பத்தை ஐம்பதாக மாற்றினேன். ஒரு வளைகோடு இடப்பக்கம் இறங்கி, வளைந்து, மறுபக்கம் ஏறியது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"கெட்டிக்காரிதான்!" என்றார் மாமா. "சரி, குடு. அண்ணன் வந்ததும் அவனுக்குச் சொல்லிக் குடு."

"மாட்டேன். அவன் தூக்கிப் போட்டான். வரவச்சது நானு. இது எனக்குத்தான்."

இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். மாமா எழுந்து நின்றார். அடிதான் விழப்போகிறது என்று தெரிந்தும் பிடியை விடவில்லை. இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். "விடுங்கண்ணே. அது புடிச்சா விடாது. அவனுக்கு வேணும்னா வேற வாங்கிக் குடுங்க."

மாமா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். கால்குலேட்டர் என்னிடமே இருந்தது. ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாமா முன்னாலேயே அம்மா என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டாளே! தன் அண்ணனை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிட, சாப்பிட வராமல் வளைகோடு போட்டுக்கொண்டிருந்தேன்.