மகளின் அறைக்கு ஒரு காற்று மெஷின்

எதையும் திறந்து பார்க்காமல் வாங்க எனக்குத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். என் மேஜையைத் தாண்டாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதால் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கப்போகிறேன் என்றதும் என் கணவர், "நான் வர்ல. நீயே போய் அந்த ஆளை வறுத்து எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மெஷின் எங்களுக்கு இல்லை, மகளுக்கு. அவளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வயிற்றில் ஆறு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்காத விஷயம். ஆனால் சம்பந்தியம்மா போன் செய்து, ரொம்ப மரியாதையாக, "அங்க ஃபேக்டரி புகை ஜாஸ்தி. இவளுக்கு வேற வீசிங் இருக்கு. இங்கேயே பாத்துக்கலாமேன்னு ஒரு யோசனை. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளைக் கேட்டால், "பாக்கலாம்மா" என்கிறாள். அந்தப் 'பாக்கலாம்'தான் சம்பந்தியம்மா சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது.

வீசிங் இருந்தது உண்மைதான். எங்கள் வீடு மேனாம்பேட்டில், எஸ்டேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். இரண்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுக்கும், அதுவும் திங்கட்கிழமை என்றால் கட்டாயம். அடிக்கடி திங்கட்கிழமை லீவு போட்டதால் பள்ளிக்கூடத்தில் டிமிக்கி கொடுக்கிறாள் என்றார்கள். நேரே போய்ச் சண்டை போட்டேன். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறுகிறது, காலையில் வகுப்பைப் பெருக்கித் தூசியைக் கிளப்புகிறீர்கள் என்று கத்தி, அவளை முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்ற வைத்தேன். எதிர்வீட்டில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தவரோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன். அவள் அறையில் எஸ்டேட்டைப் பார்த்த ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடினேன். அவள் காலேஜுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கியபிறகு இழுப்பு தானாகவே குறைந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பிரசவம் மே மாதத்தில். ஏசி குளிர் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்றார் அதே டாக்டர். சீலிங் ஃபேன் மூலையில் கிடக்கும் தூசியையெல்லாம் கிளப்பிவிடும். காற்றைச் சுத்தம் செய்கிற மெஷினும் ஃபேனும் ஒன்றாகச் சேர்ந்தே இப்போது வருகிறது, விசாரித்துப் பாருங்கள் என்றார். கூட்டி வந்து உட்கார வைக்க ஒரு நல்ல அறை இருக்கிறது என்று காட்டிவிட்டால் சம்பந்தியம்மா என்ன சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை மெயின் ரோட்டில் இருந்தது. விற்பனைக்கு நின்றவருக்கு என் வயதிருக்கும். இறக்கையே இல்லாமல் வளையம் மாதிரி இருந்த ஒன்றை முதலில் ஓட்டிக் காட்டி, "கூலிங் ஃபேன் மேடம், பியூரிஃபையரும் இதுலயே இருக்கு" என்றார். முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"கூலிங் எங்கங்க?"

"காத்து வருதில்ல மேடம்."

"காத்து எங்க ஊட்டு ஃபேன்லயும்தான் வருது."

அவர் முதலாளி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ரூமைக் குளிர வைக்காது மேடம். மேல பட்டா சிலுசிலுன்னு இருக்கும், அவ்ளோதான். ஏசி வேலையை இது செய்யாது." பொய் சொல்லாததால் எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. வளையத்தின் விலையைத்தான் பிடிக்கவில்லை.

அடுத்தது தண்ணீர் ஊற்றுகிற கூலர். அதிலும் 'பியூரிஃபையர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரக்காற்றும் சேர்ந்தால் சுவரெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். இருந்தாலும் ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன். மெல்லிசாக ஒரு ஸ்பாஞ்சு வெளியே வந்தது. "இது சட்டி கழுவத்தான் ஆகும்" என்றதும் அவரே சிரித்துவிட்டார்.

மூன்றாவது, இடுப்பு உயரத்துக்கு நின்றது. கீழே உருளையாக ஃபில்டர், மேலே ஃபேன். ஃபில்டர் கெட்டியான காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்துச் சுற்றியது போல இருந்தது. அதைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி, என் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் குனிந்து பார்த்தேன்.

"இன்னா மேடம் பாக்குறீங்க?"

"ஓரத்துல வெளிச்சம் தெரியுதான்னு பாக்குறேன். வெளிச்சம் பூந்து வந்தா தூசியும் பூந்து வரும்."

வெளிச்சம் தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து அறைக்குத் தாங்குமா என்று கேட்டேன். மாற்று ஃபில்டர் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டுங்கள் என்றேன். தூங்கும்போது வைக்கிற வேகத்தில் ஓட விட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வேறு இரண்டு பேர் டிவியே வாங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் அதையே எடுத்தேன்.

மகள் இருந்த அறையில் கொண்டுவந்து வைத்ததும் கணவர் அதைச் சுற்றி வந்து, "இன்னா இது, ரோபோ மாதிரி கீது" என்றார். மெஷினின் தலையில் ஒரு எண் எரியும். காற்று நன்றாக இருந்தால் எண் குறைவாக, பச்சையாக இருக்கும். கெட்டால் எண் ஏறி ஆரஞ்சாகும், அப்புறம் சிவப்பு. தினமும் அதைப் போட்டோ எடுத்து மகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் அனுப்ப ஆரம்பித்தேன்.

எப்போது எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்கு, கதவை மூடிவைத்து, அடுப்பு பற்ற வைக்கும் முன்னால். கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் பெட்டியில் மேல்வரிசை மட்டும் நல்ல பீஸாக அடுக்கி வைப்பார்கள். அப்படி வந்த லோடை எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அதே வேலையை நான் செய்தேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். மூன்று வாரம் பச்சை எண்ணாகப் பார்த்த சம்பந்தியம்மா, "நல்லாத்தான் இருக்கு. வளைகாப்பு முடிச்சு நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் அன்றைக்குக் கேசரி கிளறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தேன். திரையைத் துவைத்து மாட்டி, தரையை இரண்டு தடவை துடைத்து, கடைசியாகத் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவிக் கொண்டுபோனேன். பிள்ளைத்தாய்ச்சி வந்து இருக்கப்போகிற அறைக்குப் புகை காட்டாமல் எப்படி? ஒரு சுற்றுகூட முடியவில்லை. மெஷின் பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குப் போனது. எண் மூன்று இலக்கத்துக்கு ஏறியது. ஃபேன் தானாகவே வேகம் எடுத்து இரைந்தது.

முதலில் மெஷின் மேல்தான் கோபம் வந்தது. பழுது என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் மூன்று தடவை அளக்காமல் நான் எதையும் ரிஜெக்ட் செய்வதில்லை. கதவைத் திறந்து, பச்சை வரும்வரை காத்திருந்து, சாம்பிராணியைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு. மறுபடி காத்திருந்து, வெறும் தணலை மட்டும் காட்டினேன். ஆரஞ்சு. சாம்பிராணி தூவினேன். சிவப்பு. பிறகு கணவரைக் கூப்பிட்டு, ஆணி அடித்திருந்த பலகையைப் பிடுங்கி ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். எஸ்டேட் லாரிகள் இரண்டு புகை கக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பின. எண் கொஞ்சம் ஏறி, ஆரஞ்சைத் தொட்டு, இறங்கிவிட்டது. எஸ்டேட் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகையும் புகைதான். ஆனால் என் கையிலிருந்த தூபக்கால் ஏற்றிய அளவுக்கு அது ஏற்றவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனியில் திங்கட்கிழமை மட்டும் ரிஜெக்‌ஷன் அதிகமாக வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, ஞாயிற்றுக்கிழமை மெஷினை என்ன செய்தீர்கள் என்பதுதான். வீட்டில் அதைக் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்குத்தான் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவேன். தூபக்கால் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, என் மடியில் அவள் தலையை வைத்து, ஈர முடியைக் கூடை மேல் பரப்பி, அடி முதல் நுனி வரை சாம்பிராணிப் புகையில் காய வைப்பேன். நீளமான முடி, காய அரை மணி நேரமாகும். சளி பிடிக்கக் கூடாதே என்று இன்னொரு கை சாம்பிராணி அள்ளிப் போடுவேன். ராத்திரி அவளுக்கு இழுக்கும். விடிந்தால் திங்கட்கிழமை. நான் கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சண்டை போடுவேன்.

இத்தனை வருடம் ஊரையெல்லாம் ஏசினேன். குற்றவாளி நான்தான். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தச் சின்ன நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது கண் முன்னால் வந்து நின்றது.

மகளிடம் சொல்லப்போகிறேன் என்றேன். கணவர் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு இப்ப சொல்லிக்கினு? எப்பவோ நடந்தது. அந்தம்மா காதுல உழுந்தா மறுபடி அனுப்ப மாட்டேன்னு நிக்கும். கம்முனு இரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் பத்து நாளில் மகள் இந்தக் கட்டிலில் படுத்திருப்பாள். சொன்னால் வராமலே போகலாம், யாரையும் குறை சொல்லவும் முடியாது. மாலை வரை போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் முடியவில்லை. தெரிந்தே ஒரு பழுது பீஸை வெளியே அனுப்பியது மாதிரி இருந்தது. போன் போட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஐந்தரைப் போட்டோவையும் சேர்த்தே சொன்னேன். "திங்கக்கிழமை இழுத்ததெல்லாம் என்னாலதான்டி. நீ உங்க மாமியார்கிட்ட சொல்லிடு. அவங்க அங்கேயே இருன்னு சொன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன்."



"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"சாம்பிராணின்னு. ஆறாவது படிக்கும்போதே தெரியும். கூடையில தலையை வச்சதுமே உள்ள ஏதோ பிடிக்கும். மூச்சை அடக்கிக்கினு படுத்திருப்பேன்."

"ஏன்டி சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே."

"நீ நிறுத்திடுவன்னுதான் சொல்லல. மத்த நாளெல்லாம் நான் எழுந்துக்கும்போது நீ ஷிஃப்டுக்குப் போயிருப்ப. இல்லன்னா அசந்து தூங்கிகினு இருப்ப. அந்த அரை மணி நேரம்தாம்மா நீ எங்கயும் எழுந்து போவாம என் தலையைத் தடவிகினு இருப்ப."

போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். கணவர் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அவள் என்னைத் தேற்றவில்லை, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, தன் மாமியாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

"அப்போ வர்றியா?" என்று கேட்டேன்.

"வர்றேன். புகையெல்லாம் வேணாம். துண்டால தொவட்டுனா போதும். ஆனா தலைக்கு நீதான் ஊத்தி உடணும், லீவு போட்டுட்டு."

"ஊத்துறேன்" என்றேன். மறுநாள் கம்பெனியில் முதல் வேலையாக லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.