புரோட்டான்காரர்

தொண்ணூறுகளில் ஒரு மதியம், மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் அத்தைக்கும் எனக்கும் பக்கத்து வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துத்தான் கேட்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த அத்தை, "என்ன வேல தம்பி?" என்றார்.

"புரோட்டான்ல ஆராய்ச்சி ஆன்ட்டி."

எங்கள் நாட்டில் புரோட்டான் என்றால் கார்தான். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அத சாய்ச்சு வச்சு வேகமா சுத்தவிடுவேன். செகண்டுக்குப் பல ஆயிரம் சுத்து."

"ஐயோ! உள்ள ஆளு இருப்பாங்களா?"

"காரு இல்லலா ஆன்ட்டி! அணுவுக்குள்ள இருக்கிற புரோட்டான். கெட்டியான பொருள்ல எல்லாப் புரோட்டானும் ஒரே நேரத்துல பேசும், இந்த பஸ் மாதிரி. எது யாரு குரல்னே தெரியாது. பெரிய காந்தத்துக்குள்ள அந்தப் பொருள அம்பத்து நாலே முக்கால் டிகிரி சாய்ச்சு சுத்துனா, ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்கும்."

பஸ்ஸில் இரைச்சலான இரைச்சல். அத்தை ரகசியம் சொல்வதாக நினைத்து என் காதில் கத்தத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ரவுண்டபவுட்டில் வெட்டித் திருப்ப, பஸ்ஸே சாய்ந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயடைத்துப் போனார்கள். அத்தையின் குரல் மட்டும் தனியாக, சுத்தமாகக் கேட்டது.

"வேல ஒண்ணும் புரியல. கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு!"

முதன்முறையாக அவர் தலை நேராக நிமிர்ந்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பாத்தீங்களா, சாய்ச்சதும் எவ்ளோ தெளிவா கேட்டுச்சு!" என்று சொல்லிவிட்டு, மணியடித்து இறங்கிப் போய்விட்டார்.

அது அவர் இறங்கவேண்டிய இடம்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.